ஜிசெலை ஆக்கியோர்

திரை விலகியதும் கண்ணில் படுவது ஒரு சுவர். மேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் அடியில் ஒரு கூட்டம், நமக்கு முதுகைக் காட்டியபடி, உடம்பின் முழுப் பலத்தையும் திரட்டி அதைத் தள்ளுகிறது. 2016 செப்டம்பர் 27 அன்று மான்செஸ்டர் பேலஸ் தியேட்டரில் இங்கிலிஷ் நேஷனல் பாலே குழு முதன்முதலில் மேடையேற்றிய ‘ஜிசெல்’ இப்படித் தொடங்குகிறது. உலகம் அதை ‘அக்ரம் கானின் ஜிசெல்’ என்றே அழைக்கிறது.

அந்தப் பெயரில் பொய் இல்லை. ஆனால் சுவரை வடிவமைத்தவர் டிம் யிப். சுவருக்கு இருபுறமும் யார் யார் வாழ்கிறார்கள் என்று கானோடு சேர்ந்து கதையைப் பிரித்துக் கோத்தவர் ரூத் லிட்டில். காதில் விழும் இரைச்சலும் இசையும் வின்சென்சோ லமான்யாவுடையவை. வெளிச்சம் மார்க் ஹெண்டர்சனுடையது. பத்திரிகை விமர்சனங்களில் இவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரிதான். ஒரு புதிய பாலே எப்படிப் பிறக்கிறது என்று அறிய விரும்புகிறவர் அந்த வரியில்தான் நிதானிக்க வேண்டும்.

பெயர் விடுபட்டவர்

மூல ‘ஜிசெல்’ 1841 ஜூன் 28 அன்று பாரிஸ் ஆபராவில் அரங்கேறியது. கதை எளியது. கிராமத்துப் பெண் ஜிசெல், தன்னைப் போன்ற எளியவன் என்று நம்பி ஆல்பிரெக்ட் மீது காதல் கொள்கிறாள். அவன் மாறுவேடத்தில் வந்த பிரபு, வேறொருத்திக்கு நிச்சயிக்கப்பட்டவன். உண்மை தெரிந்ததும் சித்தம் கலங்கி இறந்துபோகிறாள். காதலில் ஏமாற்றப்பட்டு மணமாகாமல் இறந்த பெண்கள் ‘விலி’ என்ற ஆவிகளாகி, இரவில் அகப்படும் ஆண்களைச் சாகும்வரை ஆடவைக்கிறார்கள். அவர்களிடமிருந்து ஆல்பிரெக்டை விடியும்வரை காப்பாற்றுகிறாள் ஜிசெல்.

ஜெர்மானியக் கவிஞர் ஹைன்ரிச் ஹைனே எழுதியிருந்த விலிகள் பற்றிய குறிப்பிலிருந்து இந்தக் கதையை எடுத்தவர் பிரெஞ்சுக் கவிஞர் தியோஃபில் கோத்தியே. அதை மேடைக்கு ஏற்ப எழுதியதில் வெர்னுவா த சேன்-ழோர்ழுக்குப் பங்கு உண்டு. இசை அடால்ஃப் ஆடம். நடனம் ழான் கொராலி என்று சுவரொட்டி சொன்னது. ஆனால் நாயகி கார்லோட்டா கிரிசி ஆடிய நடனங்களை அமைத்தவர் ஜூல் பெரோ என்பது அன்றைய பாரிஸ் நடன உலகுக்குத் தெரியும். சுவரொட்டியில் அவர் பெயர் இல்லை. இன்று அந்தப் பாலேயை மேடையேற்றும் குழுக்கள் இருவர் பெயரையும் சேர்த்தே அச்சிடுகின்றன. பின்னாளில் ரஷ்யாவில் அதைச் செப்பனிட்ட மரியஸ் பெடிபாவின் பெயரும் கூடவே வருகிறது.

கோத்தியே பற்றி நாம் அறிய வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. ‘ஜிசெல்’ அரங்கேறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1838இல், கடலூரை அடுத்த திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த தேவதாசிகளின் சிறு குழு ஒன்று பாண்டிச்சேரி வழியாகப் பாரிஸ் போய் ஆடியது. அவர்களில் அமணி என்ற இளம்பெண்ணின் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்து எழுதியவர்களில் முதன்மையானவர் இதே கோத்தியே. பார் என்ற சிற்பி அவளுக்கு வெண்கலச் சிலை வார்த்தார். கோயிலில் ஆடும் இந்தியப் பெண் என்ற உருவம் அதன்பின் ஐரோப்பிய பாலே மேடையில் பலமுறை வந்தது. 1877இல் பெடிபா அமைத்த ‘லா பயடேர்’ அவற்றில் புகழ்பெற்றது. அந்த உருவத்தை எதிர்க்கேள்வி கேட்டு ‘லா பயடேர்: தி நைன்த் லைஃப்’ என்ற படைப்பை 2015இல் லண்டன் ராயல் ஆபரா ஹவுஸில் தந்தவர், சென்னையில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் நடன அமைப்பாளர் ஷோபனா ஜெயசிங்.

ஓவியரும் இசையமைப்பாளரும் நடன அமைப்பாளரும் சம உரிமையோடு ஒரே படைப்பில் இறங்குவதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கமாக்கியவர் ரஷ்யர் செர்கேய் தியாகிலெவ். 1913இல் அவரது குழு தந்த ‘வசந்தத்தின் சடங்கு’ ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை, நிஜின்ஸ்கியின் நடனம். கதையை ஸ்ட்ராவின்ஸ்கியோடு சேர்ந்து உருவாக்கி, காட்சியையும் உடைகளையும் வரைந்தவர் நிக்கலஸ் ரோரிக். பிற்காலத்தில் இமாசலத்தின் குலு பள்ளத்தாக்கில் நக்கர் என்ற ஊரில் குடியேறி, 1947இல் அங்கேயே இறந்தார். அவர் வாழ்ந்த வீடு இன்று காட்சியகம்.

சுவருக்குப் பின்னால்

அக்ரம் கான் லண்டனில் 1974இல் வங்கதேசப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவயதிலிருந்து பிரதாப் பவாரிடம் கதக் கற்றவர். பீட்டர் புரூக்கின் ‘மகாபாரதம்’ நாடகத்தில் பதின்ம வயதில் நடித்தவர். பாலே அவர் கற்று வளர்ந்த கலை அல்ல. ‘ஜிசெல்’ முழுநீளக் கதையை அவரிடம் ஒப்படைத்தது துணிச்சலான முடிவு.

அவர் தனியாக வரவில்லை. ஹாங்காங்கில் பிறந்த டிம் யிப், ‘க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ படத்தின் கலை இயக்கத்துக்காக 2001இல் ஆஸ்கர் பெற்றவர்; 2011இல் கான் ஆடிய ‘தேஷ்’ நிகழ்ச்சிக்குக் காட்சி அமைத்தவரும் அவர்தான். ரூத் லிட்டிலும் ‘தேஷ்’ காலத்திலிருந்து கானோடு இருப்பவர். லமான்யா, ‘ஜிசெலு’க்குச் சில மாதங்கள் முன்பு வந்த கானின் ‘அன்டில் த லயன்ஸ்’ படைப்பின் இசையமைப்பாளர். சொல்லாமலே புரிந்துகொள்ளும் பழக்கம் இவர்களுக்குள் முன்பே ஏற்பட்டிருந்தது. பெரிய பாலே குழுவின் நெருக்கடியான கால அட்டவணைக்குள் அப்படிப்பட்ட பழக்கம் பெரும் பலம்.

ரூத் லிட்டிலின் வேலைக்கு ‘டிராமடர்க்’ என்று பெயர். ஜெர்மன் நாடக உலகிலிருந்து வந்த பதவி. இவர் நடனம் அமைப்பதில்லை, வசனம் எழுதுவதில்லை. இந்தக் கதையை இன்று ஏன் சொல்ல வேண்டும், இந்தப் பாத்திரம் இந்த இடத்தில் ஏன் நிற்கிறது, பார்க்கிறவருக்கு இது விளங்குமா என்று கேட்டுக்கொண்டே இருப்பவர். புதிய ‘ஜிசெலி’ல் கிராமம் போய்விட்டது. அதனிடத்தில், மூடப்பட்ட ஆடைத் தொழிற்சாலையில் வேலை இழந்த புலம்பெயர் தொழிலாளர்கள். சுவருக்கு அப்பால் முதலாளிகள். ஆல்பிரெக்ட் அந்தப் பக்கத்திலிருந்து வேடமிட்டு வருகிறவன். ஜிசெலை விரும்பும் இன்னொருவனான ஹிலாரியன் இரு பக்கத்துக்கும் இடையில் பிழைக்கும் தரகன். இரண்டாம் பாகத்து விலிகள், பாழடைந்த ஆலையில் வேலை செய்தே மாண்ட பெண்களின் ஆவிகள்.

2013 ஏப்ரலில் டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆடைத் தொழிலாளர்கள். வங்கதேச வேர்கள் கொண்ட ஒருவர் இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த இடிபாடுகள் நினைவுக்கு வராமல் இருக்காது. பழைய ஜிசெலில் விலிகளின் கோபம் காதலில் ஏமாந்தவர்களின் கோபம். இங்கே அது உழைப்பைப் பறிகொடுத்தவர்களின் கோபமும் ஆகிறது. அதனால்தான் இந்த மாற்றத்தை வெறும் கால மாற்றமாக நான் பார்ப்பதில்லை. கதை தன் நியாயத்தையே இன்னும் ஆழமாகக் கண்டடைந்திருக்கிறது.

ஓர் உடையை எடுத்துக்கொள்வோம். ஆல்பிரெக்டின் நிச்சயிக்கப்பட்ட பெண் பத்தில்ட். 1841 கதையிலும் அவள் உடுத்தியிருக்கும் துணியைத் தொட்டு வியக்கிறாள் ஜிசெல்; ஏழைப் பெண்ணின் வெகுளித்தனம் அங்கே தெரியும். புதிய படைப்பில் ஜிசெல் ஆலையில் தையல் வேலை செய்தவள். பத்தில்டின் ஆடம்பர உடை தன் கைகள் தைத்ததாகவே இருக்கலாம் என்பது அவளுக்குத் தெரிகிறது. வியப்பு இருந்த இடத்தில் அடையாளம் காணுதல் வந்துவிட்டது. டிம் யிப் முதலாளிகளுக்கு அசையவே இடம்தராத பிரம்மாண்ட உடைகளைத் தந்திருக்கிறார். அவர்கள் சிலைபோல் நிற்கிறார்கள். தொழிலாளர்களுக்கு மங்கிய நிறத்தில் உடம்போடு ஓடும் எளிய துணி, ஆட்டமெல்லாம் அவர்களுடையது. உழைக்கிறவன் ஆடுகிறான், உடைமைக்காரன் நிற்கிறான். இந்த எண்ணத்தின் எந்தப் பகுதி கானுடையது, எது லிட்டிலுடையது, எது யிப்புடையது என்று பிரிக்க முடியாது. நல்ல கூட்டுப் படைப்புக்கு அதுவே அடையாளம்.

சுவர் வெறும் பின்னணியாக நின்றுவிடுவதில்லை. சாய்கிறது, சுழன்று மேலெழுகிறது, அடியில் மனிதர்களை விழுங்குகிறது. மேடைப் பொருளைப் பட்டறையில் செய்து முடிக்க மாதங்கள் ஆகும் என்பதால், இப்படிப்பட்ட காட்சிக்கான சிறு மாதிரியை வடிவமைப்பாளர் ஒத்திகைக்கு வெகு முன்பே ஒப்படைத்துவிட வேண்டும். அதாவது, நடனக் கலைஞர்கள் ஓர் அடிகூட எடுத்து வைக்காத நிலையிலேயே மேடையின் பெரும் முடிவு எடுக்கப்பட்டிருக்கும். நடன அமைப்பாளர் அந்த முடிவுக்குள் நின்றுதான் அசைவுகளைத் தேடுகிறார்.

இசையில் லமான்யா ஆடமைத் தூக்கி எறியவில்லை. பழைய மெட்டுகள் துண்டு துண்டாக, தூரத்து நினைவுபோல வருகின்றன. அவற்றைச் சுற்றி இயந்திர இரைச்சல், தாளம், இன்ன இடத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத முழக்கம். இதை வாத்தியக் குழு வாசிக்கும் வகையில் இசைக்கோவையாக்கியவர் கேவின் சதர்லேண்ட். தெரிந்த மெட்டு ஒன்று இரைச்சலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும்போது ஏற்படும் வலியை அவர் துல்லியமாக அளந்திருக்கிறார்.

ஒளியமைப்பாளர்களுக்குத்தான் மிகக் குறைவான சொற்கள் கிடைக்கின்றன. நாடகத்தில் முகம் தெரிய வேண்டும், முன்னிருந்து விளக்கு போடுகிறார்கள். முன்வெளிச்சம் உடம்பைத் தட்டையாக்கிவிடும் என்பதால் நடனத்தில் இருபுறத் தூண்களிலிருந்தும் பக்கவாட்டில் ஒளி வர வேண்டும்; அப்போதுதான் முதுகின் வளைவும் தசையின் இழுப்பும் தெரியும். இரண்டாம் பாகத்தில் நீண்ட மூங்கில் கழிகளோடு விரல்நுனியில் நகரும் விலிகள் தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் தோன்றுவதில் கால்களுக்கு உள்ள பங்கு வெளிச்சத்துக்கும் உண்டு.

மற்ற மேடைகள்

2015 மே மாதம் ராயல் பாலே மேடையேற்றிய ‘வுல்ஃப் வொர்க்ஸ்’, வர்ஜீனியா வுல்ஃபின் மூன்று நாவல்களிலிருந்து வெய்ன் மெக்ரெகர் அமைத்தது. எண்ணவோட்டத்தில் எழுதப்பட்ட நாவலைப் பேச்சில்லாத நடனமாக்க வேண்டிய சிக்கலில் அவரோடு நின்ற டிராமடர்க் உஸ்மா ஹமீத். இசை மாக்ஸ் ரிக்டர்; ஒளி லூசி கார்ட்டர்; காணொளிக் காட்சி ரவி தீப்ரஸ். நாயகியாக ஆடிய அலெசாண்ட்ரா ஃபெர்ரிக்கு அப்போது வயது 52. இளம் உடலையே கொண்டாடிப் பழகிய கலையில், வாழ்ந்து தீர்த்த உடம்பு ஒன்று நடுவில் நின்றது. அந்தப் படைப்பின் பொருளில் பாதி அவரது இருப்பிலேயே இருந்தது.

கனடாவைச் சேர்ந்த கிரிஸ்டல் பைட் 2017இல் அதே குழுவுக்கு அகதிகளைப் பற்றி ‘ஃப்ளைட் பேட்டர்ன்’ அமைத்தார். ராயல் ஆபரா ஹவுஸின் பெரிய மேடைக்கு ஒரு பெண் நடனம் அமைத்து அப்போது 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. போலந்து இசைமேதை குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனியிலிருந்து முதல் பகுதியை எடுத்துக்கொண்டு, 36 கலைஞர்களை ஒரே உயிர்போல் மூச்சுவிடவைத்தார். மேடையமைப்பு ஜே கவர் டெய்லர், உடை நான்சி பிரையன்ட், ஒளி டாம் விசர். இவர்களும் அவரோடு தொடர்ந்து பணியாற்றுகிறவர்கள்தான்.

இந்தப் பெயர்களுக்கு அப்பால் நிற்பவர்கள் நடனக் கலைஞர்கள். இன்றைய நடன அமைப்பாளர்கள் பலர் அசைவுகளை முன்கூட்டியே முடித்துக்கொண்டு வருவதில்லை. ஒரு கேள்வியையோ ஒரு படிமத்தையோ கொடுக்கிறார்கள். கலைஞர் உடம்பால் விடை தேடுகிறார். அதிலிருந்து தேர்வும் செதுக்கலும் நடக்கின்றன. முதல் மேடையில் ஆடியவரின் உயரம், சுபாவம், பழைய காயம்கூட அந்தப் பாத்திரத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடும். பின்னால் வருகிறவர்கள் அதையே கற்கிறார்கள். அதைக் கற்றுக்கொடுக்க, ராயல் பாலே போன்ற குழுக்களில் அசைவைக் குறியீடாக எழுதுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நடனக் கலைஞர் ஜோன் பெனேஷும் அவர் கணவர் ருடால்ஃபும் 1950களில் உருவாக்கிய முறை அது. இசைக்குப் போலவே ஐந்து கோடுகள்மேல் உடம்பின் நிலைகளை எழுதுகிறார்கள். ஒத்திகை அறையின் ஓரத்தில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவர் இல்லாவிட்டால் பத்து ஆண்டுகளில் படைப்பு தேய்ந்துபோகும். நிகழ்ச்சிக் கையேட்டில் அவர் பெயர் வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அழைத்தவர்

இவர்கள் எல்லோரையும் ஓர் அறைக்குள் கொண்டுவந்தவர் ஒருவர் உண்டு. 2012இல் இங்கிலிஷ் நேஷனல் பாலேயின் கலை இயக்குநராகப் பொறுப்பேற்ற தமாரா ரோஹோ, ஸ்பெயின் நாட்டவர், அப்போதும் ஆடிக்கொண்டிருந்தவர். 2014இல் முதல் உலகப்போர் நினைவாகக் கானிடம் ‘டஸ்ட்’ என்ற சிறு படைப்பைக் கேட்டுவாங்கினார். அந்த நம்பிக்கையில்தான் ‘ஜிசெல்’ வந்தது. அதில் ஜிசெலாக அவரே ஆடினார். அதே 2016இல் மூன்று பெண் நடன அமைப்பாளர்களின் புதுப் படைப்புகளை மட்டும் கொண்ட ‘ஷி செட்’ நிகழ்ச்சியையும் நடத்தினார். இவ்விரண்டுக்குமாக 2017 ஆலிவியர் விருது தனிநபருக்குப் போகாமல் குழுவுக்குப் போனது, சரியான முடிவு. ‘ஜிசெல்’ லிவர்பூலில் படமாக்கப்பட்டு 2018இல் திரையரங்குகளுக்கும் வந்தது.

புதிய படைப்புக்கு யாரை அழைப்பது, எத்தனை வாரம் ஒத்திகை தருவது, தோற்றால் யார் பொறுப்பு என்று தீர்மானிப்பவரும் படைப்பாளிதான். 2022இல் ரோஹோ சான் பிரான்சிஸ்கோ பாலேக்குப் போனார். அதை வழிநடத்தும் முதல் பெண். அங்கே அவர் கேட்டுவாங்கிய ‘மியர் மார்ட்டல்ஸ்’ 2024 ஜனவரியில் மேடையேறியது. பண்டோராவின் தொன்மக் கதையைச் செயற்கை நுண்ணறிவின் காலத்தோடு சேர்த்துப் பார்க்கும் படைப்பு. நடனம் அமைத்த அஷூர் பார்ட்டன் ‘ஷி செட்’ மூவரில் ஒருவர். இசை, ‘ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ்’ என்ற பெயரில் இயங்கும் மின்னணு இசைக் கலைஞர் சாம் ஷெப்பர்டுடையது. காட்சி அமைத்தவர்கள் பார்சிலோனாவின் ‘ஹாமில் இண்டஸ்ட்ரீஸ்’ இருவர்.