வதந்தியும் விசுவாசமும்

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பாதை கலேவெலயை ஊடறுத்துப் போகிறது. மரக்கறி லொறிகளோடு கதைகளும் இப்பாதையில் வந்து சேரும்.

2019 மே மாதம் குருநாகலிலிருந்து வந்த கதை பொல்லாதது. அங்குள்ள முஸ்லிம் வைத்தியர் ஒருவர், சிசேரியன் சத்திரசிகிச்சையின்போது 4,000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தாராம். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு நடந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. நாளிதழ் ஒன்று இதை முதற்பக்கத்தில் வெளியிட்டது. மறுநாள் இரவு வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் கைதானார். நூற்றுக்கணக்கான தாய்மார் முறைப்பாடு செய்தனர். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தேடியும் சான்று கிடைக்கவில்லை. யூலையில் அவருக்குப் பிணை வழங்கப்பட்டது.

முறையிட்ட தாய்மாரை நான் குறை கூறமாட்டேன். அடுத்த குழந்தைக்கு ஏங்குபவளின் துயரத்திற்கு இக்கதை ஒரு காரணம் காட்டியது. அச்சத்தில் பிரசவத்திற்கே வைத்தியசாலைக்குப் போகத் தயங்கினால், இழப்பு ஏழைக் குடும்பத்திற்கல்லவா?

இதே அச்சத்தை அதற்கு முந்திய ஆண்டும் கண்டோம். 2018 பெப்ரவரியில் அம்பாறை முஸ்லிம் உணவகமொன்றில், கறியில் கிடந்த கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாக விளங்காத காசாளர் கூட்டத்துக்குப் பயந்து தலையாட்டியது படமாகி முகநூலில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுப்பொருள் எனத் தெரிந்தது. உண்டவரை மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் இல்லவே இல்லை. மார்ச் மாதம் திகனவில் வேறொரு காரணத்தால் கலவரம் மூண்டபோது இந்த மாத்திரைக் கதையும் கூடவே போயிற்று. அரசு முகநூலை முடக்க நேர்ந்தது. தன் பங்குக்கு அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020இல்தான்.

அம்பாறைச் சம்பவத்திற்கு ஒரு மாதம் முன்னர்தான், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சமூகத் தொடர்பு நாளுக்கான செய்தியில் பொய்ச் செய்தியைப் பற்றி எழுதி, ஏதேன் தோட்டத்துப் பாம்பை நினைவூட்டியிருந்தார். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பறிக்க ஈசபேலுக்கு இரண்டு பொய்ச்சாட்சிகள் போதுமாயிருந்தன. கல்லறைக் காவலருக்குப் பணம் கொடுத்து, சீடர்கள் உடலைத் திருடினார்கள் என்று சொல்லவைத்ததை மத்தேயு எழுதிவைத்திருக்கிறார். பொய்ச் செய்தியால் அவதூறுக்குள்ளான சமூகத்தின் பிள்ளைகள் நாம். ஆனால் "பத்துப் பேருக்கு அனுப்பினால் அற்புதம்" என்ற கடிதத்தைப் படியெடுத்தவர்களும் நம்மவரே. இப்போது அதை வட்ஸ்அப்பில் செய்கிறோம்!

அன்பியக் கூட்டங்களில் ஒரு செய்தியை எடுத்து, 'இதைக் கண்டவர் யார்? சொன்னவர் பெயர் என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். பல செய்திகள் இரண்டாம் கேள்வியைத் தாண்டா.

வைத்தியர் ஷாபிக்கு 2022இல் நிலுவைச் சம்பளம் கிடைத்தது. 26 இலட்சம் ரூபாவுக்கு மேல். நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு நிலவிய நேரம். அத்தொகையை அரச வைத்தியசாலைகளுக்கு மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார்.