நாற்பதைத் தாண்டி – 9: இரும்புச் சட்டியும் பட்டாணி அளவும்

சென்ற இதழில் தூக்கம் பற்றி எழுதி முடித்தபோது, அடுத்த வாரம் நரை என்று சொல்லியிருந்தேன். நரையை மட்டும் தனியாக எழுத முடியவில்லை. தலைக்கு மருதாணி, முகத்துக்கு ரெட்டினாய்டு க்ரீம் என்று இரண்டும் என் வீட்டுக்குள் வந்துவிட்டன. போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டும் என் நெற்றியில் சந்தித்துக்கொண்டன.

முந்தின இரவே இரும்புச் சட்டியில் மருதாணிப் பொடியைத் தேயிலை டிகாக்‌ஷன் விட்டுக் குழைத்து, ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து மூடிவைத்திருந்தேன். காலையில் வகிடு வகிடாகப் பிரித்துத் தடவி, கொண்டையாகச் சுருட்டி, பழைய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம்தான் இருக்கும். மிளகாய் அரைத்த கையால் தொட்டதுபோல முன்நெற்றி காந்தத் தொடங்கியது. சாறு வழிந்து இறங்கிய இடமெல்லாம் எரிந்தது. ஓடிப்போய்க் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், நெற்றி சிவந்து கிடந்தது. தோல் உரிந்துகொண்டிருந்த இடங்களில் மருதாணி திட்டுத் திட்டாகப் பிடித்திருந்தது. அத்தனை வருடப் பழக்கத்தில் மருதாணி எனக்கு ஒருநாளும் எரிந்ததில்லை. புதிதாகச் செய்தது ஒன்றுதான்: அதற்கு முந்தைய பத்து இரவுகளும் முகம் முழுக்க டிரெட்டினாயின் க்ரீம் பூசியிருந்தேன்.

மருதாணி எனக்கு ஆச்சி வழியாக வந்தது. பாளையங்கோட்டை வீட்டில் கிணற்றடியை ஒட்டி ஒரு மரம் நின்றது. ஆடி பிறந்தால் இலையை உருவி, கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் வைத்து அம்மியில் மையாக அரைப்பாள். தலைக்கு என்றால் கூடவே கிராம்பு சேரும். “ஏட்டி, சும்மா வச்சா தலையில நீர் கோத்துக்கிடும். ரெண்டு கிராம்பு தட்டிப் போடு” என்பாள். அவள் வாயில் அது மருதோணி. நூல்களில் மருதோன்றி. தாவரவியலில் லாசோனியா இனெர்மிஸ். 1735இல் லின்னேயஸ் தன் வகைப்பாட்டு நூலை அச்சிடப் பண உதவி செய்த ஐசக் லாசன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் பெயர் இந்தச் செடிக்கு வந்தது. அந்தப் பெயரிலிருந்துதான் இலைக்குள் இருக்கும் சாயத்துக்கும் லாசோன் என்று பெயர்.

உலர்ந்த இலையில் லாசோன் இருப்பது பெரும்பாலும் இரண்டு சதவீதத்துக்குள்தான். அதுவும் சர்க்கரையோடு பிணைந்து அடைபட்டிருக்கிறது. ஈரமும் லேசான புளிப்பும் சில மணி நேரமும் கிடைத்தால் பிணைப்பு விட்டுச் சாயம் வெளியே வருகிறது. ஆச்சி வைத்த புளியின் வேலை அது. நாம் இரவில் ஊறவைப்பதும் அதற்காகத்தான். வெளிவந்த லாசோன் முடியிலும் தோலின் மேலடுக்கிலும் உள்ள கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். புரதத்தைத் தேடிப் பிடிப்பதே அதன் இயல்பு என்பதால் முட்டை, தயிர் எல்லாம் கலந்தால் சாயத்தில் ஒரு பங்கை அவையே எடுத்துக்கொள்ளும். நிறம் வேண்டுமென்றால் தேயிலைத் தண்ணீரே போதும் என்பது என் அனுபவம். இரும்புச் சட்டியில் ஊறவைப்பதற்கும் காரணம் உண்டு. தேயிலையில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்தால் கருமை தரும். முந்தின நாள் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் அலசிய முடியில்தான் நன்றாகப் பிடிக்கும். அலசியதும் நரைமுடி ஆரஞ்சாகத் தெரிவதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். இரண்டு மூன்று நாள் காற்றுப்பட்டால் அது செம்பட்டையாகி, செந்தவிட்டு நிறத்துக்கு இறங்கும். அதற்குள் ஷாம்பு போட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பொடியில் பெரும்பகுதி ராஜஸ்தானின் பாலி மாவட்டத்திலிருந்து வருகிறது. அங்கே சோஜத் என்ற ஊரின் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மருதாணி மட்டும் கறுப்புத் தராது. கறுப்பு வேண்டுமென்றால் அடுத்ததாக அவுரி. மருதாணி போட்டு அலசிய முடியில், வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்த அவுரிப் பொடியைக் கால் மணி நேரத்துக்குள் தடவிவிட வேண்டும். அதை இரவெல்லாம் ஊறவைத்தால் வீணாகிவிடும். எலுமிச்சையும் அதற்கு ஆகாது. திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது, ஆகவே நமக்கு இது தூரத்துப் பொருள் இல்லை. ஆனால் ஒரு குழப்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தென்மாவட்டங்களில் நிலாவாரையையும் அவுரி என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. திருநெல்வேலிச் சென்னா என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற மலமிளக்கி இலை அது. நாட்டு மருந்துக் கடையில் “அவுரிப் பொடி” என்று கேட்டு வாங்கி, மூன்று வாரம் தடவியும் ஒரு முடி கறுக்கவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். பொடியில் ஒரு ஸ்பூனை வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் மேலே நீலம் பூத்தால்தான் அது சாய அவுரி.

இந்த இரண்டு வேலையும் வேண்டாம் என்று நினைப்பவர்கள் போகும் இடம்தான் எனக்குக் கவலை. கறுப்பு ஹென்னா என்று எழுதிய பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பாரா பினைலீன் டை அமீன், சுருக்கமாகப் பிபிடி, இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் கருகருவென்று பிடிப்பது அந்த ரசாயனத்தால். அமெரிக்கத் தொடுஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006இல் ‘இந்த ஆண்டின் ஒவ்வாமைப்பொருள்’ என்று அதைத்தான் அறிவித்தது. பலருக்கு எந்தத் தொந்தரவும் வராது. ஒருமுறை உடல் அதை எதிரியாகப் பதிந்துவிட்டால் மட்டும் அந்த நினைவு ஆயுளுக்கும் போகாது. அடுத்தமுறை கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்லி அட்டையில் எழுதியிருப்பதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

சரி, முகத்துக்கு வருகிறேன்.

அந்த ஞாயிறு முடிந்து செவ்வாய்க்கிழமை தோல் மருத்துவரிடம் போனேன்.

“எத்தனை நாளா போடுறீங்கம்மா?”

“பத்து நாளா டாக்டர். தினமும்.”

“எவ்வளவு எடுப்பீங்க?”

விரலில் ஒரு கணு நீளத்தைக் காட்டினேன். அவர் தன் குறிப்புத் தாளில் பேனாவால் சின்ன வட்டம் ஒன்று போட்டார். “இவ்வளவுதான். ஒரு பட்டாணி. மொத்த முகத்துக்கும் இதுதான். முதல் மாசம் வாரத்துக்கு ரெண்டே ராத்திரி. மூஞ்சி கழுவி, ஈரம் முழுசாக் காஞ்சு அரைமணி கழிச்சுப் போடுங்க. எரியுதுன்னா முதல்ல மாய்ஸ்சரைசர், அப்புறம் இது, மறுபடி மாய்ஸ்சரைசர்.”

கூட்டிப் போட்டால் சீக்கிரம் குணம் தெரியும் என்ற என் நினைப்பை அவர் அழகாகக் கலைத்தார். டிரெட்டினாயின் என்பது வைட்டமின் ஏ-யின் அமில வடிவம். தோல் செல்லின் கருவுக்குள் அதற்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. 1987இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக அவற்றைக் கண்டுபிடித்தன. மருந்து அந்த ஏற்பியில் உட்கார்ந்ததும் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதே மாறுகிறது. செல்கள் வேகமாகப் பிறந்து மேலே வருகின்றன, பழைய அடுக்கு உதிர்கிறது, ஆழத்தில் கொலாஜன் கூடுகிறது. கடையில் சீரமாக விற்கும் ரெட்டினால் தோலுக்குள் போய் இரண்டு படி மாறி இதே அமிலமாகித்தான் வேலை செய்யும், அதனால்தான் அது மென்மையாக இருக்கிறது. இந்தப் புது வேகத்துக்குத் தோல் பழக நாலு வாரமோ ஆறு வாரமோ ஆகும். அதுவரை மூக்கோரமும் வாயோரமும் உரியும், பருக்கள் கூட்டமாக எழும்பி அடங்கும். முடி உயிரற்ற இழை. எவ்வளவு அப்பினாலும் தாங்கும். தோல் உயிருள்ளது. அதற்குச் சொல்லிக் கொடுத்துத்தான் பழக்க வேண்டும். நான் மருதாணியை அப்பும் கையோடு க்ரீமையும் அப்பியிருந்தேன்.

இந்த மருந்து வந்த வழியைப் படித்தபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடன் இருந்தவர்களும் 1969இல் இது பருவுக்குக் கேட்கிறது என்று எழுதினார்கள். 1971இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பருவுக்குப் பூசிய நடுவயதுப் பெண்கள் சுருக்கமும் குறைகிறது என்று சொல்ல, 1986இல் வெயிலில் முதிர்ந்த தோலுக்கும் இது உதவும் என்று இன்னொரு கட்டுரை வந்தது. ஆனால் கிளிக்மனின் ஆய்வுக்கூடமாக இருந்தது பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறை. 1951இலிருந்து 1974 வரை அங்கிருந்த கைதிகள் மேல் எத்தனையோ மருந்துகளையும் ரசாயனங்களையும் பூசிப் பார்த்தார்கள். டயாக்சின் என்ற கொடிய நச்சும் அதில் ஒன்று. அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பின ஆண்கள். வழக்கு விசாரணைக்கே வராமல், ஜாமீன் கட்டப் பணமில்லாமல் உள்ளே கிடந்தவர்கள் அதில் பலர். சில டாலர்களுக்காக முதுகைக் காட்டினார்கள். டிரெட்டினாயின் சோதனைகளும் அந்த முதுகுகளில் நடந்தன. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2021இல், நகர நிர்வாகம் 2022இல். கிளிக்மன் 2010இலேயே இறந்துவிட்டார். என் ட்யூபை நான் தூக்கிப் போடவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் அந்த ஆண்களை நினைக்கிறேன். நினைக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

நம் ஊரில் இந்த மருந்துக்கு வேறு ஒரு ஆபத்து இருக்கிறது. டிரெட்டினாயினோடு ஹைட்ரோகுவினோனும் ஒரு ஸ்டீராய்டும் கலந்த ட்யூப்களை மெலாஸ்மா என்னும் மங்குக்காக மருத்துவர்கள் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுப்பார்கள். அதையே சிவப்பழகு க்ரீம் என்று நினைத்து மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி வருடக்கணக்கில் பூசும் பெண்களை எனக்குத் தெரியும். ஸ்டீராய்டு முதலில் முகத்தைப் பளபளவென்று ஆக்கும். பிறகு தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரியும், ரோமம் வளரும், நிறுத்தினால் நெருப்பாய் எரியும். 2018இல் பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசு சேர்த்தது. அதற்குப் பிறகும் சீட்டு கேட்காத கடைகள் இருக்கின்றன. உங்கள் ட்யூபில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால், திடீரென்று நிறுத்தாமல் முதலில் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள்.

மருத்துவர் சொன்னதை வைத்து என் வாரத்தை மாற்றிக்கொண்டேன். மருதாணி ஞாயிறு என்றால் புதன் இரவோடு க்ரீமுக்கு ஓய்வு. எலுமிச்சையை விட்டுவிட்டேன், தேயிலை மட்டும். முடியோரம் முழுக்க வாசலின் தடவிய பிறகே சட்டியைத் திறப்பேன். அலசிய பிறகு இரண்டு நாள் விட்டு, வெறும் தண்ணீர் பட்டாலும் காந்தவில்லை என்றால்தான் மறுபடி பட்டாணி. புருவம் திருத்தப் போவதும் அந்த ஓய்வு நாட்களில்தான், இல்லாவிட்டால் நூல் இழுக்கிற இடத்தில் தோலும் சேர்ந்து வரும். கடலை மாவு போட்டுத் தேய்ப்பதை அடியோடு நிறுத்தினேன். பகலில் சன்ஸ்க்ரீன் இல்லாமல் மாடிக்குத் துணி உலர்த்தக்கூடப் போவதில்லை. முன்பெல்லாம் நெற்றியில் பட்ட மருதாணி ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். இப்போது நாலு நாளில் போய்விடுகிறது. சாயம் ஒட்டியிருக்கும் அடுக்கு உதிர்ந்துகொண்டே இருக்கிறது அல்லவா.

ஆவணியில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. அவள் உண்டாகியிருக்கிறாள் என்ற சேதி வந்த அன்றே போன் செய்து, முகத்துக்கு என்ன போடுகிறாய் என்றுதான் முதலில் கேட்டேன். ரெட்டினால் சீரம் என்றாள். மாத்திரையாகச் சாப்பிடும் ஐசோட்டிரெட்டினாயின் கருவைக் குறைப்படுத்தும் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். பூசுவதில் உடலுக்குள் போவது மிகக் குறைவு என்றாலும், கர்ப்பம் என்று தெரிந்தால், ஏன், திட்டமிடும்போதே, இந்தக் குடும்பத்து மருந்து எதையும் தொடக் கூடாது என்பதே மருத்துவர்களின் விதி. அன்றே நிறுத்திவிட்டாள்.

வளைகாப்புக்கு முந்தின நாள், “எக்கா, கையில கடைக் கோன் வச்சுக்கிடவா? ஒரு மணி நேரத்துல கறுப்பாப் புடிச்சுக்கிடுமாம்” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கிணற்றை மூடி வருடங்களாகிவிட்டன. மரம் மட்டும் இன்னும் இருக்கிறது. இலையை உருவி, ஆச்சியின் அம்மியிலேயே கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து அரைத்தேன். உள்ளங்கையில் ஒரு வட்டம், விரல் நுனிகளுக்குத் தொப்பி. இரவு அப்படியே தூங்கினாள். காலையில் உதிர்த்தபோது வெளிறிய ஆரஞ்சாக இருந்தது, முகம் வாடிப்போனாள். கண்ணாடி வளையல் அடுக்கும்போது கொஞ்சம் சிவந்திருந்தது. மூன்றாம் நாள் ஊருக்குக் கிளம்ப நான் பையை எடுத்தபோது, வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ரத்தச் சிவப்பாக இருந்தது.