பாறையேறச் செல்வோரின் பொதி

பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து, சிவனொளிபாத மலைக்கு ஏறியோர் நம்மிற் பலர். 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலைக்கு ஒரு கம்பளியும் கட்டுச்சோறும் கைவிளக்கும் போதும். படிகள் நம்மைத் தாங்கும். ஆனால், வெளிநாடு சென்று செங்குத்தான பாறையில் ஏறுபவனைத் தாங்குவன அவன் கொண்டு செல்லும் கருவிகளே.

2016ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், இலங்கையருள் முதல்வராக எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த ஜயந்தி குரு உதும்பால, டார்ஜிலிங்கில் 1954இல் நிறுவப்பெற்ற இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகத்திற் பயின்றவர். நம் தோட்டத்து இளைஞர் ஒருவரும் அத்தகைய பயிற்சி நாடிப் புறப்படுவாராயின், அவர் பொதியில் இருக்க வேண்டியவை யாவை?

முதலாவது கயிறு. மாடு கட்டும் கயிறு எத்துணை உறுதியாயினும் இதற்கு உதவாது. ஏன்? வீழ்பவனைத் திடீரென நிறுத்தும் கயிறு அவன் உடலையே முறித்துவிடும். மலையேறுவோர்க்கென நைலோன் இழையாற் செய்யப்பெறும் கயிறோ சற்றே நீண்டு கொடுத்து, வீழ்ச்சியின் விசையைத் தான் ஏற்றுக்கொள்கின்றது. மேலுறைக்குள் மறைந்துள்ள அதன் உள்ளிழை பழுதுற்றால் கண்ணுக்குப் புலப்படாதிருத்தலும் கூடும். ஆதலின், பிறர் பயன்படுத்திய கயிற்றை மலிவு கருதி வாங்குதல் உயிரை விலை பேசுவதாகும்.

அடுத்து, இடுப்பிலும் தொடையிலும் பூட்டும் வார்ப்பட்டி, பூட்டுள்ள உலோகக் கொளுக்கிகள், உதிரும் கல்லினின்று காக்கும் தலைக்கவசம் ஆகியன வேண்டும். சப்பாத்து இறப்பர் அடியுடையதாய், காலோடு இறுகப் பொருந்துவதாய் இருத்தல் வேண்டும்.

உடை பற்றி நம்மவர்க்குச் சொல்லவும் வேண்டுமோ? நனைந்த பருத்தி உடல் வெப்பத்தைக் கவரும். கம்பளி நனைந்தும் ஓரளவு வெம்மை தரும். மழையிற் கொழுந்தெடுக்கும் அன்னையர் இதனை நன்கறிவர்.

அடுப்புக்கான எரிவாயுக் கலத்தை விமானத்தில் ஏற்றுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அதனைச் சென்றவிடத்தில் வாங்குக. பனிக்கோடரி முதலிய கூரிய கருவிகளைக் கைப்பையில் வையாது, விமானத்தின் சரக்கறைக்குச் செல்லும் பொதியில் வைக்க வேண்டும்.

இத்தனையும் வாங்கப் பணமில்லையே என்று மனந்தளர வேண்டா. பயிற்சிக் கழகங்கள் பல, கயிறு முதலியவற்றை மாணவர்க்குத் தாமே வழங்குகின்றன. முன்னரே எழுதிக் கேட்டறிக. கைப்பணத்தை முதலிற் சப்பாத்துக்குச் செலவிடுக. பிறர் சப்பாத்து நம் காலுக்குப் பொருந்துவது அரிது. சுமையைக் குறைக்க எதனையும் விடலாம். வீழ்ச்சியைத் தாங்கும் பொருளை மட்டும் விடலாகாது.