வீடு தேடி வருது பரிசோதனை! பாதியானது குடல் புற்றுநோய்ச் சாவு!

"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்!"

குடல் புற்றுநோய் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் பலர் சொல்லும் பதில் இதுதான். அமெரிக்காவிலும் அப்படித்தான்!

வடக்கு கலிபோர்னியாவில் கைசர் பெர்மனன்டே என்ற பெரிய மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2000-ம் ஆண்டில், அதன் உறுப்பினர்களில் பரிசோதனை வயதை எட்டியவர்களில், 100-க்கு 39 பேர்தான் ஏதாவது ஒரு பரிசோதனை செய்திருந்தார்கள். ஆள் வராவிட்டால் என்ன? பரிசோதனையே வீடு தேடிப் போனது!

தபாலில் பொட்டலம்

2006 முதல் 2008-க்குள் இந்தத் திட்டம் வந்தது. பரிசோதனை செய்யாதவர்களுக்கு ஆண்டுதோறும் தபாலில் ஒரு பொட்டலம். உள்ளே சின்னக் குழாய், குச்சி. குச்சியால் மலத்தைத் தொட்டு, குழாயில் போட்டு மூடி, திருப்பி அனுப்பினால் போதும். பத்தியம் இல்லை. லீவு போட வேண்டாம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கலந்திருக்கிறதா என்று சோதனைச்சாலையில் பார்த்து விடுவார்கள்.

பலன்? 2015-ல் 100-க்கு 83 பேர்! அந்த வயதினரில் குடல் புற்றுநோய்ச் சாவு, லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 31-ல் இருந்து 15 ஆகக் குறைந்தது.

மூலம்தானே?

ரத்தம் இருந்தால் புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். மூலமாகவும் இருக்கலாம். ஆனால், "மூலம்தானே" என்று சும்மா இருந்துவிடவும் கூடாது! குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோபிக்குப் போயே ஆகணும். புற்றாக மாறக்கூடிய சதை வளர்ச்சி இருந்தால், பெரும்பாலும் அப்போதே வெட்டி எடுத்து விடுவார்கள்.

தபால்காரர் பாதி வழிதான் வருவார். மீதி வழி நாமதான் நடக்கணும்!