மலைத் தோட்டமும் சூரியத் தகட்டு ஆலையும்

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு டீசல் வந்து சேர்வதற்குள் அதன் விலையோடு வண்டிக் கூலியும் சேர்ந்துவிடுகிறது. எஞ்சின் வைத்து நீர் இறைக்கும் குடியானவர் இதை நன்கறிவர். சூரிய ஒளிக்கோ கூலி இல்லை.

2019இல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில், சூரிய பம்புசெட்டின் விலையில் 30 சதவீதத்தை மத்திய அரசும், குறைந்தது 30 சதவீதத்தை மாநில அரசும் மானியமாக ஏற்குமாறு விதி செய்யப்பட்டது. தகடும் அதிலுள்ள மின்கலங்களும் இந்நாட்டில் செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை.

இந்நிபந்தனை எதற்கு? தகட்டு ஆலைகளுக்கு உற்பத்தி ஊக்கத்தொகையாக 2021இல் 4,500 கோடி ரூபாயும், 2022இல் 19,500 கோடி ரூபாயும் அனுமதிக்கப்பட்டன. நெல்லை மாவட்டம் கங்கைகொண்டானிலும் தகடுகள் உருவாகின்றன. ஏற்றுமதியிற் பெரும்பகுதி அமெரிக்காவையே நம்பியிருந்தது. 2025இல் அந்நாடு இறக்குமதி வரியை உயர்த்தியது. அயல்நாட்டுச் சந்தை தளரும்போது ஆலைகளைத் தாங்குவது உள்நாட்டுத் தேவையே. அத்தேவை நம் கிணற்றடியிலும் பிறக்கிறது.

ஆகவே, பஞ்சாயத்து அங்கத்தினர்கள் விவசாயிகளை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திற்கு அழைத்துச் சென்று, மானிய விவரம் அறியச் செய்தல் வேண்டும். தகடும் மின்கலமும் எங்கே செய்யப்பட்டவை என்று கேட்டறிக. மிளகுக்கொடி படரும் சவுக்கு மர நிழல் விழாத இடத்தை முன்னரே ஒதுக்குக. நிழலில் நிற்கும் தகடு நீர் இறைக்காது.