பேச அஞ்சும் மக்களும் இணையத் தணிக்கைச் சட்டமும்

டித்வா புயலின் பின்னர், பூண்டுலோயாப் பகுதியில் பாடசாலைக் கட்டடம் ஒன்றில் தங்கியிருந்த குடும்பங்களைப் பார்க்கச் சென்றிருந்தோம். மரக்கறிச் செய்கையில் ஈடுபட்டிருந்த ஒரு தந்தை தமது கைத்தொலைபேசியை எடுத்து எதையோ காட்ட முயன்றார். விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். கிடைக்கவில்லை. பின்னர் சற்று வெட்கத்துடன், "அழிச்சிட்டேன் சாமி. வச்சிருந்தா வம்புன்னு மகன் சொன்னான்" என்றார்.

அவர் அழித்தது ஆபாசமான எதையுமல்ல. யாரையும் திட்டிய பேச்சுமல்ல. லயத்துக்கு மேலே, தமது போஞ்சிப் பாத்திகளை ஊடறுத்து நிலம் வெடித்துக் கிடந்ததை வீட்டைவிட்டு இறங்கிய அன்று காலையில் படம் பிடித்திருக்கிறார். அதை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். "இப்படிப் போட்டு சனங்களைப் பயமுறுத்தினால் பொலிஸ் பிடிக்கும்" என்று குழுவில் ஒருவர் எழுத, மகன் பயந்துபோய் அழிக்கச் சொல்லியிருக்கிறான். நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கும்போது காட்டக்கூடிய ஒரே சான்று அதுவாக இருந்தது. மண் அவருடைய நிலத்தை எடுத்தது. பயம் அந்த நிலத்தின் படத்தையும் எடுத்துவிட்டது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியே இவ்விதழில் எழுத விரும்புகிறேன். இணையத் தணிக்கை என்பது கொழும்பில் கணினி முன் அமர்ந்திருப்போரின் பிரச்சினை என்று எம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். நானும் சில காலம் அவ்வாறே நினைத்திருந்தேன்.

தபால் பெட்டி இல்லாத மக்கள்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விடயம் நன்கு தெரியும். எமது மக்களுக்கு நெடுங்காலமாகச் சொந்த முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதம் முதலில் தோட்ட அலுவலகத்துக்குப் போகும். பின்னர்தான் லயத்துக்கு வரும், சில வேளைகளில் வராமலும் போகும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கையில் கிடைத்த இளைஞர்களின் கதை எத்தனையோ. எமக்கு வரும் செய்திக்கும் எமக்கும் இடையில் எப்போதும் ஒருவர் இருந்தார்.

கைத்தொலைபேசி வந்த பின்னர்தான் அந்த இடையாள் இல்லாமல் ஒரு தாய் கொழும்பில் வேலை செய்யும் மகளுடனோ மத்திய கிழக்கிலுள்ள மகனுடனோ பேச முடிந்தது. 2025 நவம்பர் இறுதியில் புயல் வீசி, நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, அதிகமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் எமது நுவரெலியாவும் ஒன்று. பாதைகள் துண்டிக்கப்பட்டிருந்தன. எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. எந்த மலை இறங்குகிறது, எந்தப் பாதை மூடியிருக்கிறது என்பதை எம்மவர்கள் பெரும்பாலும் ஒருவர் மூலம் ஒருவர் தொலைபேசியில்தான் அறிந்துகொண்டார்கள். ஆகவே இணையத்தில் பேசும் உரிமை என்று சொல்லும்போது நாம் பேசுவது உயிர் பிழைப்பதைப் பற்றியுமாகும்.

சட்டம் வந்த வழி

நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியானது. ஒக்டோபர் 3ஆம் திகதி பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. ஊடகவியலாளர்கள், சிவில் அமைப்புகள், அரசியல் கட்சியினர் எனப் பலரும் உயர் நீதிமன்றம் சென்றனர். நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. 31 வாசகங்களைத் திருத்தினால் மட்டுமே சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்றலாம் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. ஒரு சட்டமூலத்தில் 31 இடங்களில் பிழை என்றால் அது எவ்வளவு அவசரமாக எழுதப்பட்டிருக்க வேண்டும்! 2024 ஜனவரி 24ஆம் திகதி, ஆதரவாக 108, எதிராக 62 என்ற வாக்குகளால் அது நிறைவேறியது. பெப்ரவரி 1ஆம் திகதி அப்போதைய சபாநாயகர் கையொப்பமிட, 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாயிற்று.

நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சியினரும் சிவில் அமைப்புகளும் குற்றஞ்சாட்டினர். சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையும் 2024 மார்ச்சில் கொண்டுவரப்பட்டுத் தோற்கடிக்கப்பட்டது. ஆனால் எமது அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரையின்படி, சபாநாயகர் சான்றுரைத்த சட்டத்தின் செல்லுபடித்தன்மையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது. இந்தியாவில் நிலைமை வேறு. 2012 நவம்பரில், மும்பாயில் ஒரு தலைவரின் மறைவுக்காக நகரமே மூடப்பட்டதைப் பற்றி முகநூலில் கேள்வி எழுப்பிய ஒரு யுவதியும், அதற்கு விருப்பம் தெரிவித்த அவரது தோழியும் பால்கர் என்ற ஊரில் கைதானார்கள். அதைக் கண்டு கொதித்த ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் இந்திய உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2015 மார்ச் 24ஆம் திகதி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு முழுவதுமே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. எமது நாட்டில் அப்படி ஒரு வழக்குக்கு இடமில்லை. இங்கே ஒரு சட்டத்தை எதிர்ப்பதாயின் அது சட்டமாவதற்கு முன்னரே எதிர்க்க வேண்டும்.

121ஆம் உறுப்புரை இதற்கான வழியைத் தருகிறது. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்ட பின், எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். சட்டத்தரணியாகவோ கட்சித் தலைவராகவோ இருக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கான அவகாசம் மிகக் குறுகியது; ஒரு மாதம் கழித்துக் கேள்விப்படுவோருக்கு அந்தக் கதவு மூடப்பட்டிருக்கும்.

"எந்தப் பிரசையும்" என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எமது பாட்டன் பாட்டியரை ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே பிரசாவுரிமை வழங்கியது. கிட்டத்தட்ட 55 ஆண்டுகள்! ஆகவே 121ஆம் உறுப்புரையைப் பயன்படுத்தும் உரிமை எம்மில் பலருடைய குடும்பங்களுக்கு மிக அண்மையில் கிடைத்த ஒன்று. அதை இன்னும் நாம் பயன்படுத்திப் பார்க்கவில்லை. வர்த்தமானியில் சட்டமூலங்கள் தமிழிலும் வெளியாகின்றன. ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வொரு சங்கத்திலும் அவற்றைப் படித்துச் சொல்வதற்கு ஓர் இளைஞரோ யுவதியோ இருந்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழு. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் ஜனாதிபதி நியமிப்பார். எது "தடைசெய்யப்பட்ட கூற்று" என்று கருதி அறிவித்தல் அனுப்பும் அதிகாரம் இவர்களுக்குண்டு. 24 மணித்தியாலத்துக்குள் அதற்கு இணங்க வேண்டும். தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, இனங்களுக்கிடையே பகைமை போன்றவற்றுக்கு ஆபத்து விளைவிக்கும் பொய்யான கூற்றுக்குச் சில சந்தர்ப்பங்களில் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. உண்மை எது பொய் எது என்பதை அரசாங்கம் நியமித்தவர்கள் தீர்மானிப்பதே இங்குள்ள அடிப்படைக் குறைபாடு என்பது எனது கருத்து.

ஆனால் எம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. "பொய்யான கூற்று" என்பதற்குக் கொடுக்கப்பட்ட பொருள்கோடலின்படி, சொல்பவரே பொய்யென்று அறிந்து அல்லது நம்பி, குறிப்பாக ஏமாற்றும் அல்லது தவறாக வழிநடத்தும் எண்ணத்துடன் சொல்வதுதான் பொய்யான கூற்று. நல்லெண்ணத்துடன் விடுக்கும் எச்சரிக்கையும், நல்லெண்ணத்துடன் சொல்லும் அபிப்பிராயமும் அதில் அடங்கா. அந்தத் தந்தை தமது நிலம் வெடித்திருப்பதைப் படம் பிடித்து "மேல் லயத்து ஆட்கள் கவனம்" என்று அனுப்பினாரே, அது நல்லெண்ண எச்சரிக்கையன்றி வேறென்ன? இந்தச் சட்டத்தின் வாசகப்படியே அது குற்றமல்ல. குற்றமல்லாத ஒன்றை அவர் அழித்துவிட்டார்.

"அப்படியென்றால் பயப்படுவதற்கு எதுவுமில்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. சட்டத்தில் எழுதப்பட்டது ஒன்று, பொலிஸ் நிலையத்தில் நடப்பது இன்னொன்று. கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச ஊழியரான ரம்சி ராசிக், வெறுப்புப் பேச்சுக்கு எதிராகப் பேனாவாலும் சிந்தனையாலும் போராட வேண்டும் என்று முகநூலில் எழுதியமைக்காக 2020 ஏப்ரலில் கைதானார். ஐந்து மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். 2023 நவம்பரில் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் தமிழில் எழுதிய கவிதை நூலுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2020 மே மாதம் கைதாகி, 2021 டிசம்பர் வரை தடுத்து வைக்கப்பட்டார். 2023 டிசம்பரில் விடுதலையானார். அவருடைய கவிதைகள் வன்முறையை எதிர்ப்பவை. தமிழ் தெரியாதவர்கள் அவற்றை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். எமது வாட்ஸ்அப் செய்திகளும் தமிழில்தான் இருக்கின்றன.

2025 டிசம்பர் தொடக்கத்திலும், அவசரகால நிலை நடைமுறையில் இருந்த வேளையில், ஜனாதிபதிக்கும் அமைச்சர்களுக்கும் எதிராகச் சமூக ஊடகங்களில் அவதூறு பரப்புவோர்மீது அந்தச் சட்டத்தைப் பயன்படுத்துமாறு பிரதி அமைச்சர் ஒருவர் பொலிசாரிடம் கூறினார். மனித உரிமை அமைப்புகள் கண்டித்தன. ஆனால் முகாமிலிருந்த மக்களுக்கு எட்டியது அந்தக் கூற்று மாத்திரமே; கண்டனம் எட்டவில்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் திகனையிலும் கண்டியின் ஏனைய பகுதிகளிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, முகநூலில் பரவிய பகைமைப் பேச்சு அதற்கு எண்ணெய் ஊற்றியது. தமது தளம் அவ்வாறு பயன்படுத்தப்பட்டமைக்காக அந்த நிறுவனமே 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது. அணை உடைந்துவிட்டது என்று ஒருவன் நள்ளிரவில் பொய் பரப்பினால் அதனால் சாகப்போவதும் நாமே. ஆனால் அத்தகைய பொய்களைத் தடுக்கவென்று அரசாங்கங்கள் கையாண்ட வழி என்ன? 2018லும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும் சமூக ஊடகங்கள் நாட்கணக்கில் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மீண்டும் முடக்கப்பட்டன. அப்போது தடுக்க முயன்றது பொய்யையல்ல, மக்களின் ஆர்ப்பாட்டத்தை. ஒரே பூட்டு இரண்டு கதவுகளுக்கும் போடப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அன்றே அதை நீக்கவும் வேண்டியதாயிற்று.

நாம் செய்யக்கூடியவை

பாதிப்பைப் படம் பிடித்தால் திகதி, நேரம், இடம் ஆகியவற்றை வாயால் சொல்லியே பதிவு செய்யுங்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள். பிறர் அனுப்பியதை, எங்கே எப்போது எடுத்தது என்று தெரியாமல், மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டாம். ஒரு பிரதியை நம்பிக்கையான இன்னொருவரின் தொலைபேசியிலும் வையுங்கள். பெண்களினதும் பிள்ளைகளினதும் படங்களை முகாம்களில் எடுத்துப் போடுவது வேறு விடயம். அதை நானும் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

பொலிசார் அழைத்தால் தனியாகப் போகாதீர்கள். கைதானால் காரணத்தை அறியும் உரிமை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையில் உள்ளது. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கும் உரிமை உண்டு. வாசிக்க முடியாத மொழியில் எழுதியதில் கையொப்பமிட வேண்டாம். தொலைபேசியை எடுத்துக்கொண்டால் அதற்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். வசதியற்றவர்களுக்காகச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே அவகாசம். ஆனால் அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடைபெறும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. கொழும்புக்குப் போக பஸ் கட்டணத்துக்கே கடன் வாங்க வேண்டியவர்களுக்கு இது பெரிய உதவி. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கண்டியிலேயே இருக்கிறது.

சட்டத்தைத் திருத்துவதாக 2024 தேர்தல்களின் பின் வந்த அரசாங்கமும் கூறியது. திருத்தம் வருமானால் அதுவும் ஒரு சட்டமூலமாகவே வரும். அதற்கு முன்னரே எமது மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுத வேண்டும். 2024 ஜனவரி 24ஆம் திகதி யார் எப்படி வாக்களித்தார், யார் சபையிலேயே இருக்கவில்லை என்று கேட்பதும் தவறாகாது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்தவர்கள்தானே அவர்கள்! மனித சமுதாயத்துக்குத் தகவல் பெறும் உரிமை உண்டென்று 1963ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆவணத்தில் கூறியது. ஆகவே பங்கு மண்டபத்தில் இக்கூட்டங்களை நடத்துவது அரசியல் செய்வதாகும் என்று குறைப்படுவோருக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

காணொளியை அழித்த அந்தத் தந்தைக்கு அதை மீட்டுக் கொடுக்க எம்மால் முடியவில்லை. ஆனால் அவரும் அதே லயத்தைச் சேர்ந்த இன்னும் சிலரும் சேர்ந்து, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். தமிழில்தான் எழுதினார்கள். தமது நிலத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரிசோதித்ததா, எப்போது பரிசோதித்தது, அறிக்கை எங்கே என்பவை கேள்விகள். விண்ணப்பக் கட்டணம் இல்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததாகக் கொடுத்த துண்டை அந்தத் தந்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, குடும்ப அட்டையுடன் சேர்த்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அதையும் ஒரு படம் எடுத்து வைக்கச் சொன்னேன். எடுத்து, மகனுக்கே அனுப்பினார்.