வைத்தியர் மேஜையில் சம்பளம் வாங்காத ஒரு குமாஸ்தா!

"போன தடவை என்ன மருந்து கொடுத்தாங்க?"

எந்த வைத்தியரிடம் போனாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? "சிவப்பா ஒரு மாத்திரைங்க... கறுப்பா ஒரு லேகியம்... அப்புறம் ஏதோ ஒரு பொடி..." இதற்கு மேல் தாண்ட மாட்டீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சித்த வைத்தியத்தில் சூரணங்களில் பல பார்ப்பதற்கு ஒரே பழுப்பு நிறம்தான். பொட்டலத்தை மட்டும் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால், வாயில் போட்டுப் பார்த்துத்தான் நானே சொல்ல வேண்டியிருக்கும்.

சீட்டு எங்கே என்றால், "வீட்ல இருக்குதுங்க" என்பார்கள். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் நிறைய வீடுகளில் யாராவது ஒருத்தர் பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் இங்கே ஒரு வைத்தியம், திரும்பிப் போனதும் அங்கே ஒரு வைத்தியம். சீட்டு பஸ்ஸிலேயே தொலைந்து போகும்.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று நினைக்காதீர்கள். சர்க்கரைக்கு ஆங்கில மாத்திரை சாப்பிடுகிற ஒருவர், அதைச் சொல்லாமல் என்னிடம் வந்து ஆவாரை சேர்ந்த மருந்தும் வாங்கிக்கொண்டு போகிறார் என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடலாம். ராத்திரி வேர்த்துக் கொட்டி மயங்கி விழுந்தால், வீட்டில் இருப்பவர்களுக்குக் காரணம் புரியாது. இருதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். குழம்பில் போடுகிற பூண்டு வேறு, மருந்தளவில் கொடுக்கிற பூண்டு வேறு. அடுத்தது எங்கள் பற்பம், செந்தூரம். ரசம், கெந்தகம், தாளகம் சேர்ந்த மருந்துகளுக்கு அளவு உண்டு, நாள் கணக்கு உண்டு, பத்தியம் உண்டு. இத்தனை நாள் கொடுத்தாகிவிட்டது, இனி நிறுத்தி இடைவெளி விடணும் என்பதை ஞாபகத்தை நம்பி நடத்தக் கூடாது. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியேட்டினின் பார்த்த தேதியும் கையில் இருக்கணும்.

ஆகவே எழுதி வைக்கணும். எழுதியதைத் தேடினால் கிடைக்கணும். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. சின்ன கிளினிக்குகளில் ஏன் இல்லை? கேட்டால், "சாஃப்ட்வேர்காரன் வருஷா வருஷம் பணம் கேட்கிறான் சார்" என்பார்கள். காசே கேட்காத மென்பொருள் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது என்பது நிறைய பேருக்குத் தெரியாது. வைத்தியர்களுக்குத் தெரியாவிட்டால் போகட்டும், உங்களுக்காவது தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்கள் டாக்டரிடம் நீங்களே சொல்லலாம்.

முதலில் 'இலவசம்' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். தீபாவளி ஆஃபர் மாதிரியான இலவசம் இல்லை இது. எங்கள் துறையில் 'பரம்பரை ரகசியம்' என்று ஒரு வழக்கம் உண்டு. மருந்து முறையை மகனுக்கு மட்டும் சொல்வார்கள், சில சமயம் மகனுக்கும் சொல்ல மாட்டார்கள். வைத்தியரோடு மருந்தும் மண்ணுக்குள் போய்விடும். அதற்கு நேர் எதிர், அச்சிட்ட மருந்து நூல். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், செய்யலாம், தப்பு இருந்தால் சொல்லலாம். மென்பொருளிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. உள்ளே எழுதியிருப்பதைக் காட்டாமல் பூட்டி விற்பது ஒன்று. முழுவதையும் திறந்து காட்டி, "எடுத்துக்கோ, மாத்திக்கோ, அடுத்தவருக்கும் கொடு" என்பது இன்னொன்று. இதைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் ஆரம்பித்து வைத்த காரியம். 2011-லிருந்து தமிழக அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்பில் 'பாஸ் லினக்ஸ்' என்று ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய அதுவும் இந்த ஜாதிதான்.

மருத்துவத்துக்கென்றே இப்படிப் பல இருக்கின்றன. 'ஓப்பன் எம்.ஆர்.எஸ்.' என்பது 2004-ல் ஆரம்பமானது. கென்யாவில் எல்டொரெட் என்ற ஊரில் எய்ட்ஸ் நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வர, காகிதத்தில் கணக்கு வைக்க முடியாமல் திணறியபோது அமெரிக்காவின் இண்டியானா டாக்டர்கள் சேர்ந்து எழுதியது. அதன் மேல் கட்டியதுதான் 'பாம்னி'. நம் நாட்டுச் சரக்கு. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் கனியாரி என்ற கிராமத்தில், எய்ம்ஸில் படித்த டாக்டர்கள் சிலர் 'ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக்' என்ற பெயரில் ஏழைகளுக்காக ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். பாம்னியை முதலில் அங்கேதான் பயன்படுத்தினார்கள். நோயாளி விவரம், லேப் ரிசல்ட், மருந்து இருப்பு, பில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். படுக்கை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு அது பொருத்தம். என்னைப் போல இரண்டு அறை கிளினிக் வைத்திருப்பவருக்கு அது யானை. நமக்கு 'ஓப்பன் இ.எம்.ஆர்.' போதும். 2002-லிருந்து பொதுவில் கிடைக்கிறது. நான் உபயோகிப்பது அதைத்தான்.

இதை மாட்டுவது எப்படி? பையன் காலேஜ் முடித்து ஒதுக்கிப்போட்ட டெஸ்க்டாப் ஒன்று போதும், ரொம்பக் கிழடாக இல்லாமல் இருந்தால் சரி. விண்டோஸ் இருந்தால் முதலில் 'சாம்ப்' என்ற இலவசத் தொகுப்பைப் போட வேண்டும். அதில் அப்பாச்சி, பி.எச்.பி., மரியா டி.பி. என்று மூன்று பேர் சேர்ந்து வருவார்கள். ஒருத்தர் பக்கத்தைத் திறந்து காட்டுவார், ஒருத்தர் கணக்குப் போடுவார், ஒருத்தர் பெட்டகத்தைக் காப்பார். பிறகு ஓப்பன் இ.எம்.ஆர். கோப்புறையை இறக்கி, சாம்ப் சொல்லும் இடத்தில் வைத்துவிட்டு, இன்டர்நெட் பார்க்கிற அதே பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று அடித்து அதன் பெயரையும் சேர்த்தால், அதுவே படிப்படியாகக் கேள்வி கேட்கும். பெட்டகத்துக்கு என்ன பெயர், முதல் பயனாளர் யார், பாஸ்வேர்டு என்ன... பதில் சொல்லிக்கொண்டே வந்தால் முடிந்தது. பிரவுசரில் திறக்கிறதே, அப்படியென்றால் இன்டர்நெட் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. முன்னால் உட்காரும் பெண்ணின் கம்ப்யூட்டரை ஒரு ஒயரால் இணைத்துவிட்டால் அவரும் அங்கிருந்தே பார்க்கலாம். அவருக்குப் பெயர் பதிவும் நேரம் ஒதுக்குவதும் மட்டும் தெரிகிற மாதிரி அளவு கட்டலாம். நோய் விவரம் அவர் கண்ணில் படாது.

இதை நானே உட்கார்ந்து மாட்டினேன் என்று பெருமை அடிக்க மாட்டேன். கம்ப்யூட்டர் படித்த என் தம்பி மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செய்து கொடுத்தான். அதன் பிறகு என் வேலைக்குத் தகுந்தபடி அதை மாற்றியது நான்.

மாற்றியது என்றேனே, அதுதான் விஷயமே. இது அமெரிக்க டாக்டர்களுக்காக எழுதியது. திறந்தால் இன்சூரன்ஸ், கோ-பே என்று நமக்குச் சம்பந்தமில்லாத கட்டங்கள் வரிசையாக நிற்கும். நாடி பார்த்ததை எங்கே எழுதுவது? பூட்டிய மென்பொருளாக இருந்தால் கம்பெனிக்கு போன் போட்டுக் கெஞ்ச வேண்டும். இதில் புதுப் படிவத்தை நாமே வரைந்துகொள்ளலாம், புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. எண்வகைத் தேர்வு முழுவதையும் கட்டம் கட்டிவிட்டேன்: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். தமிழிலேயே அடிக்கலாம். மருந்துக்குப் பக்கத்தில் அனுபானம் என்று ஒரு கட்டம். தேனா, நெய்யா, வெந்நீரா என்பது எங்களுக்கு அரை வைத்தியம் ஆயிற்றே! பத்தியம் ஒரு கட்டம், ஆரம்பித்த தேதி, நிறுத்த வேண்டிய தேதி ஒரு கட்டம். 'வேறு எங்கே மருந்து சாப்பிடுகிறார்?' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது என்று கண்டிப்பாக வைத்திருக்கிறேன். ஒவ்வாமையை ஒரு தடவை எழுதிவிட்டால் போதும், அந்த நோயாளியின் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

இன்னொரு கட்டம் சேர்த்தேன். 'குடிக்கும் தண்ணீர் எது?' என்று. வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். எங்கள் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு ஜாஸ்தி. சின்ன வயதிலிருந்து அதைக் குடித்தால் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். வருடக்கணக்கில் போனால் எலும்பு இறுகும், முதுகு வளையாது, முழங்கால் மடங்காது. இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் ஜனங்கள் போர் தண்ணீரைத்தானே பிடிப்பார்கள்?

முட்டி பிடிப்பு, இடுப்பு பிடிப்பு என்று வந்தவர்களை ஊர்வாரியாகவும் தண்ணீர்வாரியாகவும் பிரித்து எடுக்கச் சொன்னேன். தம்பி மகன் இரண்டு வரி கட்டளை அடித்து எடுத்துக் கொடுத்தான். ஒரே குக்கிராமத்துக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே போர். தனித்தனியாக வெவ்வேறு மாதங்களில் வந்தபோது 'வயசானால் வருகிற மூட்டுவாதம்' என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்த வலிக்கு எத்தனை தைலம் தேய்த்தாலும் பிரயோஜனம் கொஞ்சம்தான், தண்ணீரை மாற்றணும். ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல என் கையில் ஒரு காகிதம் இருந்தது. இதே மாவட்டத்தில் அரூர்ப் பக்கம் சிட்லிங்கியில் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதி 1993-லிருந்து மலைவாழ் மக்களுக்காக ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். அங்கே குழந்தைச் சாவு குறைந்தது என்று சொல்ல முடிகிறதென்றால், எத்தனை பிரசவம், எத்தனை சாவு என்று யாரோ உட்கார்ந்து எழுதி வைத்ததால்தானே!

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. உள்ளே எழுதியது எல்லாருக்கும் தெரியும் என்பதால் ஓட்டை இருந்தால் அதுவும் தெரியும். 2018-ல் லண்டனில் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஓப்பன் இ.எம்.ஆரில் இருபதுக்கும் மேற்பட்ட ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பிறகு அடைத்துவிட்டார்கள். ஆனால் அடைத்த புதுப் பதிப்பை நாம் போட்டுக்கொண்டால்தானே ஆச்சு? என் பெட்டியை இன்டர்நெட்டில் இணைப்பதே இல்லை, புதுப் பதிப்பு போடுகிற நாளைத் தவிர. பூட்டிய மென்பொருளென்றால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பரில் விஷமிகள் கம்ப்யூட்டர்களை முடக்கி, இரண்டு வாரம் போல பேப்பர் பேனாவோடு வேலை பார்த்தார்களே!

அதனால் நகல் எடுப்பது கண்டிப்பு. தினமும் கிளினிக் மூடும்போது வெளி டிஸ்க்கில் ஒரு நகல். வாரம் ஒரு முறை இன்னொன்று, அது என் வீட்டு பீரோவில் இருக்கும். நகல் எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து திரும்ப எடுக்க முடிகிறதா என்று வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கணும். கரண்டு போனால் காரியம் கெடாமலிருக்க ஒரு யு.பி.எஸ். வாங்கிவிட வேண்டும். மென்பொருளுக்குச் செலவில்லையே என்று இதிலும் கஞ்சத்தனம் பண்ணினால் வம்புதான். இன்னொன்று, தட்டச்சு. ஆரம்பத்தில் ஒரு நோயாளிக்கு ஆகும் நேரம் இரட்டிப்பாகும். நான் நாடி பார்க்கும்போது கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவதே இல்லை. பார்த்து, பேசி முடித்த பிறகுதான் அடிப்பேன். நோயாளி முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்க்கிற வைத்தியரை எனக்கும் பிடிக்காது.

அரசாங்கமும் சும்மா இல்லை. மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் சென்னையில் 'தேரன்' என்ற பெயரில் ஒரு கம்ப்யூட்டர் முறையைக் கொண்டு வந்தது. தேரையர் பெயரை நினைவுபடுத்துகிற மாதிரி பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! சித்த நோய்ப் பெயர்களுக்கெல்லாம் குறியீட்டு எண் கொடுக்கும் 'நமஸ்தே' தளம் 2017-ல் வந்தது. 2024 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே ஆயுர்வேதம், சித்தா, யுனானிக்கு ஒரு பகுதி சேர்ந்தது. நான் 'இது இன்ன வாதம்' என்று எழுதுவதை இனி ஜெனிவாவிலும் ஒரு எண்ணாகப் படிக்கலாம். 'ஆபா' என்ற 14 இலக்க எண் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் மருத்துவ விவரங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நீங்கள் சம்மதித்தால் மட்டும் கொண்டு போக அது உதவும். சம்மதம் கேட்டால் என்னென்ன விவரம், யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

உங்கள் பங்குக்கு ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை எந்த வைத்தியரிடம் போனாலும், கம்ப்யூட்டர் இருந்தால் பிரிண்ட் கேளுங்கள், இல்லாவிட்டால் சீட்டைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சித்த மருந்தென்றால் பொட்டலத்தின் மேல் மருந்தின் பெயர், அளவு, அனுபானம், எத்தனை நாள் என்று நான்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். 'பேர் எதுக்கு, சாப்பிட்டா சரியாயிடும்' என்று சொல்லி, பெயரில்லாத பொடியைக் கொடுக்கிறவரிடம் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களுக்கு இன்னொரு தகவல்: ஆங்கில மருத்துவர்களுக்கான 2002-ம் வருட விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும். வாய் வார்த்தையாகக் கேட்காமல் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள்.